முப்புரிக் கயிற்றைக் கண்ட பேராசிரியர்

எலும்பு என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் வரும் பேச்சு பால்தான். பாலைக் குடி, எலும்பு பலக்கும் என்று சொல்லாத உம்மா இல்லை. அந்தப் பேச்சில் பிழையும் இல்லை. எலும்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிப்பொருளாகும். ஆனால் எலும்பு முழுவதும் அந்தக் கனிப்பொருளாகவே இருந்திருந்தால், மேசையிலிருந்து விழும் வெண்கட்டியைப் போல, நாம் படிக்கட்டில் துள்ளி இறங்கிய முதல் நாளே கால் முறிந்திருக்கும். அப்படி முறியாமல் காக்கின்ற மற்றப் பங்கைப் பற்றியும், அதன் உருவத்தை உலகுக்கு வரைந்து காட்டிய பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

தோழியரே, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு பரிசோதனையோடு தொடங்குவோம். சமைத்து முடிந்த கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினாகிரியில் சில நாட்கள் ஊற வையுங்கள். அமிலம் கனிப்பொருளைக் கரைத்துவிடும். எடுத்துப் பார்த்தால் எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் இறப்பரைப் போல வளையும். இன்னொரு எலும்பை அடுப்புத் தணலில் வெண்மையாகும்வரை எரியுங்கள். அதன் வடிவமும் மாறாது. விரலால் அழுத்தினால் மட்டும் பொடியாகும். முதலாவதில் எஞ்சியது கொலாஜன் என்னும் புரதம். இரண்டாவதில் எரிந்து போனதும் அதே புரதந்தான். வளைந்து கொடுக்கும் ஒன்றும் வளையாத ஒன்றும் சேர்ந்தே எலும்பு ஆகியிருக்கிறது.

பௌதிகவியல் படிக்கும் மாணவியருக்கு இதை இன்னொரு விதமாகச் சொல்லலாம். மோட்டார் சைக்கிளின் பின்சில்லுக்கு மேலே உள்ள ஷொக் அப்சோபரில் சுருளி வில்லும் உண்டு, எண்ணெயும் உண்டு. வில் அமுங்கி மீள்கிறது. எண்ணெய் அந்த அசைவின் சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக்கித் தணிக்கிறது. எலும்பும் இவ்விரு குணங்களையும் சிறிதளவில் தன்னுள் கொண்டது. சுமையை ஏற்றி அப்படியே வைத்திருந்தால் எலும்பு மிக மெதுவாக இன்னும் கொஞ்சம் வளையும். வளைத்துப் பிடித்திருந்தால் உள்ளே இருக்கும் தகைப்பு நேரத்தோடு குறையும். வேகமாக அடித்தால் கொஞ்சம் கூடுதலாக விறைக்கும். மெதுவாக அழுத்தினால் கொஞ்சம் இளகும். இதைப் பிசுக்கு மீள்தன்மை என்கிறார்கள். உருக்கின் யங்கின் மட்டு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். நமது நீண்ட எலும்பின் அடர்ந்த பகுதியில், நீளப்பக்கமாக, அது அதன் பத்தில் ஒரு பங்கு அளவே. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் குதிகாலில் எழும் அதிர்வைக் குதிகால் சதையும் குருத்தெலும்பும் தசைகளும் பெருமளவில் தணிக்கின்றன. எஞ்சியதில் ஒரு சிறு பங்கை எலும்பும் தணிக்கிறது. ஈரமான எலும்பு இதை நன்றாகச் செய்யும். காய்ந்த எலும்பு கூடுதலாக விறைக்கும். எளிதில் வெடிக்கவும் செய்யும். எலும்பை ஆட்டியும் அழுத்தியும் இவற்றை அளந்தவர்கள் பொறியியலாளர்கள். ஆனால் அந்த எலும்புக்குள் இருக்கும் நார் என்ன உருவம் கொண்டது என்ற கேள்விக்கு விடை சென்னையிலிருந்து வந்தது.

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் 1922 ஒக்டோபர் 8 ஆம் திகதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பெயரின் முன்னால் நிற்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பின்னர் அதிபராகவும் இருந்தவர். கணிதம் அந்த வீட்டில் பாடமாக மட்டும் இருக்கவில்லை. தந்தையும் மகனும் பொழுதுபோக்காகவும் அதைப் பேசினார்கள். திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாகப் படித்து முதன்மையாகத் தேறினார். 1942 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அங்கே பௌதிகவியல் துறையில் இருந்தவர் சேர் சி. வி. இராமன். அந்த இளைஞரின் திறமையைக் கண்ட இராமன், அவரை மின் பொறியியலிலிருந்து தமது துறைக்கே மாற்றி எடுத்துக்கொண்டார். பளிங்குகளையும் ஒளியையும் பற்றிய ஆய்வு அங்கே தொடங்கியது.

1947 இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிஜ் கவெண்டிஷ் ஆய்வுகூடத்தில் ஆய்வு செய்து 1949 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்நாட்களில் அந்த ஆய்வுகூடத்தின் தலைவர் லோரன்ஸ் பிராக். எக்ஸ்-கதிர்களைப் பளிங்கின் ஊடாகச் செலுத்தி, அவை கோணலுற்று விழும் புள்ளிகளைக் கொண்டு அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் வித்தையின் பிறப்பிடங்களுள் ஒன்று அது. அங்கே தங்கியிருக்கும் ஆசை பலருக்கு வரும். இராமச்சந்திரன் நாடு திரும்பினார். 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் பௌதிகவியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடியபோது, இராமன் இவருடைய பெயரைச் சொன்னார். முப்பது வயதை எட்டும் வேளையில் இவர் பேராசிரியரானார்.

கிண்டியில் இருந்த அந்தத் துறை புதியது. கேம்பிரிஜில் இருந்தது போன்ற வசதிகள் எதுவும் இல்லை. ஆய்வுகூடத்தையே தொடக்கத்திலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அந்த வேளையில் ஆங்கிலேய விஞ்ஞானி ஜே. டி. பேர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் உருவம் இன்னும் எவருக்கும் சரியாகப் புலப்படவில்லை என்பதை அவர் நினைவூட்டிச் சென்றார். தோல், தசைநாண், குருத்தெலும்பு, எலும்பு என்று நம் உடலின் எங்கும் இருக்கும் புரதம் அது. லைனஸ் போலிங் போன்ற பேரறிஞரே 1951 இல் அதற்கு ஓர் உருவத்தை முன்வைத்து, அது பிழையாகிப் போயிருந்தது. இராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது நல்லதாயிற்று. தோலைப் பதனிடுவது என்றால் கொலாஜனைப் பதனிடுவதுதானே. கங்காருவின் வால் தசைநாணில் கொலாஜன் நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் அதிலிருந்து தெளிவான எக்ஸ்-கதிர்ப் படங்கள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆய்வாளர் துணை நின்றார்.

படத்தில் இருந்தவை சில புள்ளிகளும் மங்கலான கோடுகளும் மட்டுமே. ஆனால் இராமச்சந்திரனின் கையில் இன்னொரு துப்பும் இருந்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசீன். அமினோ அமிலங்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறியது அது. ஏன் சரியாக மூன்றில் ஒன்று? மூன்று சங்கிலிகள் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு சங்கிலியிலும் ஒவ்வொரு மூன்றாவது அலகும் நடு அச்சுக்குள் வந்து விழும். அந்த நடுவில் இடம் மிகக் குறைவு. கிளைசீனைத் தவிர வேறெதுவும் அங்கே அடங்காது. 1954 ஓகஸ்டில் நேச்சர் இதழில் இராமச்சந்திரனும் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, அந்த மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றியும் முறுகியிருக்கின்றன என்று காட்டினார்கள். சந்திரன் பூமியைச் சுற்றும்போது தன்னைத் தானேயும் சுற்றி, எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுகிறதே, அந்த அசைவே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்ததாகச் சொல்வார்கள்.

முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாற்றுக் கரையில் வளர்ந்த எனக்கு இந்த உருவம் புதிதல்ல. எங்கள் வாப்பா அங்கே மீன் வியாபாரம் செய்பவர். கடலுக்கும் கடல்நீரேரிக்கும் இடையிலுள்ள அந்த மணற்கரையில் வாடிகள் போட்டிருக்கும் காலத்தில், கரைவலைக் கயிறுகள் சுருள் சுருளாகக் கிடக்கும். இன்றைக்கு அவை நைலோன் கயிறுகள். முன்னர் தென்னந்தும்பால் திரித்தவை. கயிற்றின் நுனியைப் பிரித்துப் பார்த்தால் மூன்று புரிகள் இருக்கும். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். மூன்றையும் சேர்த்து முறுக்குவது அதற்கு எதிர்ப்பக்கமாக. அதனால்தான் கயிறு தானாகக் கழன்று போவதில்லை. இழுக்க இழுக்கப் புரிகள் ஒன்றையொன்று இன்னும் இறுகப் பிடிக்கும். கொலாஜனிலும் அப்படியே. ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கச் சுருள். மூன்றும் சேர்ந்த கயிறு வலப்பக்கச் சுருள்.

இதை நான் தேடிப் படித்ததற்கு வீட்டில் ஒரு காரணம் இருந்தது. என் தங்கைக்கு எலும்பு எளிதில் முறியும் நோய். மூன்று வயதுக்குள் கால் இரண்டு தடவை முறிந்தது. ஒரு தடவை பாயிலிருந்து எழும்பும்போதே. ஊர் உம்மாவைத்தான் பார்த்தது. பிள்ளையைக் கவனமாகத் தூக்கவில்லை, வயிற்றில் இருக்கும்போது பால் குடிக்கவில்லை, நல்லதாகச் சாப்பிடவில்லை என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். உம்மா ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. தங்கையைத் தூக்கும்போது மட்டும் அவவின் கை நடுங்கும். வைத்தியர் நோயின் பெயரைச் சொல்லி, இது கொலாஜனில் வரும் குறைபாடு என்று விளங்கப்படுத்திய பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

உயர்தர வகுப்பில் புரதங்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் இராமச்சந்திரனின் பெயரை நான் சந்தித்தேன். இந்த நோய் உள்ள பலரில், கொலாஜன் சங்கிலியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அலகுகளுள் ஒரேயொரு கிளைசீன் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய வேறோர் அமினோ அமிலம் வந்து நிற்கிறது. நடுவிலே இடமில்லை என்று 1954 இல் அவர் சொன்ன அதே இடந்தான் அது. மூன்று புரிகளுக்கு நடுவில் ஒரு சிறு கல்லை வைத்துத் திரித்தால் கயிறு அந்த இடத்தில் புடைக்கும், முறுக்கு இளகும், பாரம் வரும்போது அங்கேதான் அறும். சுண்ணாம்பு எவ்வளவு இருந்தாலும் கயிறு சரியில்லாவிட்டால் எலும்பு அதிர்வைத் தாங்காது. அந்த ஒரு அலகு மாறுவது பரம்பரை அலகில் நேரும் மாற்றத்தால். பல வேளைகளில் தாய்க்கும் தந்தைக்கும் இல்லாத மாற்றம் பிள்ளையில் புதிதாக வரும். தாய் குடித்த பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு விடுமுறையில் கயிற்றுத் துண்டொன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு இதை நான் உம்மாவுக்குச் சொன்னேன். பக்கத்தில் பெரியம்மாவும் மாமியும் இருந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

பேராசிரியரின் கதைக்கு வருவோம். அவருடைய வெற்றி நெடுநாள் அமைதியாக இருக்கவில்லை. டீ.என்.ஏ.யின் உருவத்தைக் கண்டவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955 இல் கொலாஜனுக்குத் தமது உருவத்தை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படையை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இராமச்சந்திரனின் உருவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றும், சங்கிலிகளுக்கு இடையிலான ஐதரசன் பிணைப்புகளின் தொகை பொருந்தாது என்றும் குறை கூறினார்கள். சென்னையில் இருந்து புதிதாக எழுந்த ஒரு சிறு ஆய்வுகூடத்துக்கு அது பெரிய அடி.

அவர் செய்தது எளிமையான காரியம். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த பளிங்கு அமைப்புகளைத் திரட்டி, அணுக்களின் இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்து அட்டவணைப்படுத்தத் தொடங்கினார். பலர் நினைத்ததைவிட நெருங்கிய இடைவெளிகள் இயற்கையில் இருந்தன. அதோடு அவர் நிற்கவில்லை. இந்த அளவுகளைக் கொண்டு எந்தப் புரதச் சங்கிலியும் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று கணக்கிட்டார். ஒவ்வோர் அலகிலும் இரண்டு கோணங்கள் போதும். அவற்றை ஒரு வரைபடத்தின் இரு அச்சுகளாக வைத்தால், இடமுள்ள பகுதிகள் தீவுகளைப் போலத் தெரியும்; மற்றதெல்லாம் வெறுங்கடல். வே. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் பாடநூல்களில் இருக்கிறது. புதிதாக ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டவர்கள், அது சரியா என்று முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த வரைபடத்தோடுதான். தம்மைக் குறை கூறியவர்களுக்கு விடை தேடப் போனவர், எல்லாப் புரதங்களுக்குமான ஓர் அளவுகோலைக் கொண்டு வந்தார்.

ஐதரசன் பிணைப்பு வழக்கையும் அவர் கைவிடவில்லை. 1968 இல் சங்கிலிகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் பாலமாக நின்று பிணைக்கலாம் என்று எழுதினார். 1994 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு மூலக்கூறின் பளிங்கை மிக நுணுக்கமாகப் பார்த்தபோது இரு பக்கத்துக்கும் விடை கிடைத்தது. நேரடிப் பிணைப்பு மூன்று அலகுக்கு ஒன்றுதான். இதில் கிரிக்கும் ரிச்சும் சொன்னது நின்றது. சங்கிலிகளைச் சுற்றி நீர்ப் பாலங்களும் இருந்தன. அதில் இராமச்சந்திரனின் எண்ணம் நின்றது. ஈர எலும்புக்கும் காய்ந்த எலும்புக்கும் உள்ள வேறுபாட்டை மேலே சொன்னேன் அல்லவா? எலும்பில் நீர் பல இடங்களில் பல வேலைகளைச் செய்கிறது. கயிற்றின் புரிகளுக்கிடையே பாலமாக நிற்பது அவற்றுள் ஒன்று.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இந்தக் கயிறு இறுகி நிற்பதற்கு அதிலுள்ள புரோலீன் என்ற அமினோ அமிலத்தில் பல இடங்களில் ஒட்சிசன் சேர வேண்டும். அதைச் சேர்க்கும் நொதியத்துக்கு விற்றமின் சீ தேவை. அது கிடைக்காவிட்டால் உடலின் வெப்பத்திலேயே புரிகள் கழன்றுவிடும். பழைய காலக் கப்பலோட்டிகளுக்கு முரசு கரைந்து இரத்தம் கசிந்தது இதனால்தான். ஆகவே எலும்புக்குப் பால் மட்டுமல்ல, முட்டையும் மீனும் பருப்பும் வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாப்பழமும் தோடம்பழமும் வேண்டும்.

1970 களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் பெங்களூருக்குத் திரும்பி, தாம் படித்த அதே நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை உருவாக்கினார். 1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து இன்னொரு பெரிய காரியமும் செய்தார். உடலைப் பல பக்கங்களிலிருந்தும் எக்ஸ்-கதிரால் படம் பிடித்து, அவற்றிலிருந்து உள்ளே இருக்கும் குறுக்குவெட்டைக் கணக்கால் மீட்டெடுக்கும் விரைவான முறை அது. இன்று வைத்தியசாலைகளில் சீ.ரி. ஸ்கான் எடுக்கும்போது படம் உருவாகும் கணித வழிகளுள் அதன் பங்கு பெரியது. கயிற்றின் நடுவே உள்ள அணுவைக் காணப் பழகிய கை, முறிந்த எலும்பின் உள்ளேயும் காண வழி செய்தது.

1977 இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். 1999 இல் பளிங்குவியலுக்கான எவால்ட் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு கிடைக்கவில்லை. சங்கீதத்திலும் தருக்கத்திலும் மெய்யியலிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். பிற்காலம் இலேசானதாக இருக்கவில்லை. பாரிசவாதமும் பார்கின்சன் நோயும் அவரைத் தளர்த்தின. 1945 இல் கைப்பிடித்த மனைவி இராஜலட்சுமி 1998 இல் காலமானது அவரை மிகவும் வாட்டியது. 2001 ஏப்ரல் 7 ஆம் திகதி, தம் பெரிய ஆய்வுகளைச் செய்த அதே சென்னையில் இராமச்சந்திரன் காலமானார்.

தோழியரே, எங்கள் ஆய்வுகூடத்தில் அது இல்லை, இது இல்லை என்று நாம் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அந்தக் குறை உண்மையானது, தீர்க்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் மங்கலான சில புள்ளிகளையும் மூன்றில் ஒன்று என்ற ஓர் எண்ணையும் வைத்துக்கொண்டு, ஏன் சரியாக மூன்றில் ஒன்று என்று கேட்டவர் இவர். அந்தக் கேள்விக்குப் பணம் தேவைப்படவில்லை. என் தங்கைக்கு இருப்பது போன்ற நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதைத் தேடுகிறவர்கள் எல்லோரும் இராமச்சந்திரன் காட்டிய அந்த ஒடுங்கிய நடு இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர்களுள் ஒருத்தி நம் கல்லூரியிலிருந்தும் போகலாம்.